காரவள்ளிக்கு ஒரு செட்டிங், செம்மேட்டுக்கு ஒரு செட்டிங்

கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டில் பழைய ஜாவா, யெஸ்டி, புல்லட் வண்டிகளைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி உயிர் கொடுக்க இறங்கியிருக்கும் தம்பிகளுக்கு,

நான் மலையடிவாரத்தில், சேந்தமங்கலத்தில் பட்டறை போட்டுப் பிழைத்தவன். உங்கள் அப்பாக்களும் மாமன்களும் மிளகு மூட்டையோடு இறங்கி வந்த வண்டிகள் பல என் கைக்கு வந்து போனவை. அதே வண்டிகளை இப்போது நீங்கள் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம். டேங்க்குக்குப் பெயிண்ட் ஏறிவிட்டது, கோடு போட்டாகிவிட்டது, ரிம் பளபளக்கிறது. ஆனால் வண்டி ஸ்லோவில் நிற்பதில்லை. ஏற்றத்தில் இருமுகிறது. அடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேருவதற்குள் பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டியிருக்கிறது. இதற்கு உங்களில் பலரும் கண்டிருக்கும் மருந்து, பழைய கார்பரேட்டரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு ஒரு புது டூப்ளிகேட்டை மாட்டுவது. வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உங்கள் மலையில் வைத்து அழகாக டியூன் செய்த வண்டி, நாமக்கல் ரோட்டில் போய் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளலாம். அதற்கான காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில், எதை எடைக்குப் போடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961-இல் செக் நாட்டு ஜாவாவை இங்கே செய்ய ஆரம்பித்தது. 1973-இல் பெயர் யெஸ்டி ஆனது. 1996-இல் கம்பெனி மூடப்பட்டது. ஜாவா 250-இல் இருந்தது ஜிகோவ் கார்பரேட்டர். அதன் மேல் 2924 என்று எண் இருந்தால், கடைசி இரண்டு இலக்கம் வாயின் அகலம், 24 மில்லிமீட்டர். புல்லட்டின் கதை நம் பக்கத்துக் கதை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் ஆலை போட்டார்கள். பழைய புல்லட்டில் பர்மிங்காமின் அமால், அல்லது அந்த மாடலில் இங்கேயே வார்த்தது. பின்னால் வந்தவற்றில் ஜப்பானிய மிகுனி வகையில் செய்த மைக்கார்ப் விஎம் 24. இவற்றில் எதுவும் தேய்ந்து போனால் திரும்பி வராத சாமான் இல்லை. பித்தளையும் துத்தநாகக் கலவையும்தான். தேய்கிற இடங்களும் எல்லாருக்கும் தெரிந்தவை. டூப்ளிகேட்டில் உடம்பு பளபளப்பாக இருக்கும். ஆனால் ஜெட்டில் 95 என்று குத்தியிருக்கும், ஓட்டை வேறு அளவில் இருக்கும். ஊசிக்கும் ஊசி உட்காரும் ஜெட்டுக்கும் பொருத்தமே இருக்காது. அதை வைத்து டியூன் செய்யப் புறப்பட்டால் முடிவே கிடையாது.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 புகை விதி வந்ததும் புது வண்டிகளில் பெரும்பாலும் கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இனிப் பட்டறைக்கு வேலை கற்க வருகிற பையனுக்கு ஃப்ளோட் என்றால் என்னவென்று தெரியாமலே போகும். அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் வண்டிக்கு நீங்கள்தான் மெக்கானிக் என்ற நிலை வந்துவிட்டது.

கார்பரேட்டரைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, இக்னிஷன் பாயின்ட். இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறதா, முகம் கருகிக் குழி விழுந்திருக்கிறதா, கண்டன்சர் சரியா? கார்பரேட்டர் கோளாறு என்று என்னிடம் வந்த வண்டிகளில் நிறைய கரண்ட் கோளாறுதான். இரண்டு, டூ ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் கிராங்க் ஷாஃப்டின் ஆயில் சீல். வருடக்கணக்கில் கொட்டகையில் கிடந்த வண்டியில் அந்த ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். பாயின்ட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே போகும். நீங்கள் ஜெட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் வண்டி பெட்ரோல் போதாத பசியில்தான் ஓடும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை கக்கும். சீல் விலை பெரிதல்ல, மாற்றத்தான் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். புதுப்பிக்கும் வண்டியை எப்படியும் பிரித்திருப்பீர்கள். அப்போதே மாற்றிவிடுங்கள்.

இனி கார்பரேட்டர். கழற்றும் முன் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். அழுத்திவிடாதீர்கள், முனை உடைந்து உள்ளேயே நின்றுவிடும். ஊசியில் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய வரிசையிலேயே சாமானை வையுங்கள். போனில் போட்டோவும் எடுங்கள். ஆனால் போட்டோவில் கிளிப் பள்ளம் தெரியாது, எழுதினால்தான் உண்டு.

சுத்தம் செய்வதில்தான் புதுப்பிக்கிறவர்கள் அதிகமாகக் கெடுக்கிறார்கள். உடம்பைப் பஃபிங் கடையில் கொடுத்துக் கண்ணாடியாக்கி வாங்கி வருகிறார்கள். பஃபிங் மெழுகு, ஸ்லோவுக்குப் பெட்ரோல் தரும் பைலட் வழியின் நுண்ணிய ஓட்டையில் போய் இறுகியிருக்கும். இன்ஜினோடு சேரும் ஃபிளாஞ்சின் விளிம்பும் உருண்டிருக்கும், அது இனி காற்றை அடைக்காது. மணல் அடிப்பதும் அப்படித்தான், ஒரு துகள் மூலையில் ஒளிந்திருந்து என்றாவது ஒரு நாள் ஜெட்டில் வந்து உட்காரும். பித்தளைக் குடத்தைத் தேய்ப்பதுபோல் புளி, எலுமிச்சை என்று இறங்காதீர்கள். உடம்பு துத்தநாகக் கலவை, புளிப்பு அதைத் தின்னும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, கார்பரேட்டர் கிளீனர் அடித்து, கம்ப்ரசர் காற்றால் ஒவ்வொரு வழியையும் ஊதுங்கள். ஒரு பக்கம் ஊதினால் மறுபக்கம் எங்கே வருகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். காற்று வராத வழி இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்பதில்லை, கம்பி எடுத்த கை நிற்பதே இல்லை. மெயின் ஜெட் 90 என்றால் பல கார்பரேட்டர்களில் ஓட்டை 0.90 மில்லிமீட்டர். இரும்புக் கம்பியால் நான்கு தடவை கிண்டி அதை 0.95 ஆக்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். விட்டம் ஏறியது ஒரு தலைமுடி அளவுகூட இல்லை. ஆனால் ஓட்டையின் பரப்பு 11 சதவீதம் ஏறிவிடும். பெட்ரோலும் அந்த அளவுக்கு அதிகமாக வரும். மேலே 90 என்றுதான் எழுதியிருக்கும், அடுத்து வாங்குகிறவன் ஏமாறுவான். தூண்டில் நரம்பு போதும். ஜெட்டின் உண்மை அளவில் சந்தேகம் இருந்தால் நாமக்கல்லுக்கு எடுத்துப் போங்கள். லாரி ஊர் அது. டீசல் பம்ப் சர்வீஸ் கடைகளில் நாசில் வேலைக்கென்று மெல்லிய அளவுக் கம்பிகள் வைத்திருப்பார்கள். அளந்து மட்டும் பாருங்கள்.

கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சலசலத்தால் பெட்ரோல் புகுந்திருக்கிறது. சுடுதண்ணீரில் அமுக்கிப் பிடித்தால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். அந்த இடத்தில் பேனாவால் குறி வையுங்கள். உள்ளே இருக்கும் பெட்ரோல் முழுவதும் ஆவியாகிப் போன பிறகுதான் பற்றவைக்க வேண்டும். தீயைக் கிட்டவே காட்டக் கூடாது, மின்சாரச் சால்டரிங் அயர்ன்தான். அவசரப்பட்டால் கையில் வெடிக்கும், விளையாட்டில்லை. ஈயத்தையும் அள்ளி வைக்காதீர்கள். ஃப்ளோட்டின் கனம் கூடினால் அது தாழ மிதக்கும், கிண்ணத்தில் மட்டம் ஏறும், ஸ்லோவிலிருந்து ஃபுல் வரை எல்லா இடத்திலும் பெட்ரோல் கூடிவிடும். மட்டத்தைக் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகு இருந்தால் அங்கே ஒரு தெளிவான டியூபை மாட்டி மேல்நோக்கி வளைத்துப் பிடியுங்கள். டியூபில் நிற்கும் மட்டம்தான் உள்ளே நிற்கும் மட்டம்.

பெட்ரோலை அடைக்கும் குட்டி ஊசியின் கூம்பில் ஒரு வளையம் தேய்ந்திருக்கும், நகத்தால் தடவினால் தட்டும். அதையும் அது உட்காரும் இருக்கையையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் ஒழுகும். திராட்டிலோடு ஏறி இறங்கும் ஸ்லைடை உள்ளே விட்டு ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அதன் பக்கமாகக் காற்று போகும், வண்டி ஸ்லோவில் நிற்கவே நிற்காது. இதற்காகத்தான் பலர் கார்பரேட்டரையே தூக்கி எறிகிறார்கள். நல்ல லேத் பட்டறையில் உடம்பைச் சமமாகக் கடைந்து, ஸ்லைடுக்கு மேல் அளவில் பித்தளை ஸ்லீவ் போட முடியும். நாமக்கல்லிலும் சேலத்திலும் அந்தக் கை இருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபிளாஞ்ச் வளைந்திருக்கிறதா என்று கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். நட்டை அளவுக்கு மீறி முறுக்கின வண்டியில் நிச்சயம் வளைந்திருக்கும். கண்ணாடியில் எமரி பேப்பரை ஒட்டி, எட்டுப் போட்டுத் தேய்த்தால் நிமிர்ந்துவிடும்.

யாரும் பார்க்காத ஒன்று இருக்கிறது. ஸ்லைடோடு தொங்கும் நீண்ட ஊசி, நீடில் ஜெட்டுக்குள் இருபது முப்பது வருடம் அதிர்ந்து அதிர்ந்து ஆடி, வட்டமான ஓட்டையை முட்டை வடிவாக்கியிருக்கும். அப்படியானால் பாதித் திராட்டிலில் பெட்ரோல் கூடிக் கரும்புகை வரும். மெயின் ஜெட்டைக் குறைத்துக்கொண்டே போவார்கள், புகை குறையாது, மேலே இழுவைதான் போகும். பழைய ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து லென்ஸால் பாருங்கள். வட்டம் கோணியிருந்தால் ஊசியையும் ஜெட்டையும் ஜோடியாக மாற்றுங்கள். இத்தனை வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சின்னச் சாமான், பெரிய வித்தியாசம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

அடிவாரத்திலிருந்து உங்கள் ஊருக்கு ஏறினால் 1,000 மீட்டர் அளவுக்கு உயரம் கூடுகிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆனால் கார்பரேட்டர் இழுக்கும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது, அதில் பாதியளவுதான் குறையும். ஆகவே மேலே வந்ததும் கலவையில் பெட்ரோல் 5 சதவீதம் போலக் கூடிவிடுகிறது. கீழே ஒழுங்காக ஓடிய வண்டி மலைமேல் செம்மேட்டில் பிளக்கைக் கருப்பாக்குவது இதனால்தான். வண்டி மேலே வந்து தளர்வதற்கு டியூனிங் மட்டும் காரணமல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்று பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சக்தியும் ஏறத்தாழ அந்த அளவு குறையும். எந்த ஜெட்டும் அதைத் திருப்பித் தராது.

இதற்கு எதிர்ப்பக்கம் இழுப்பது இப்போது பங்கில் வரும் பெட்ரோல். இ20 என்றால் அதில் 20 சதவீதம் எத்தனால். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலந்தால் 13.5 அளவில் வந்து நிற்கும். அதாவது, அதே காற்றுக்கு முன்னைவிட 8-9 சதவீதம் போல அதிக எரிபொருள் தேவை. உங்கள் வண்டியின் ஜெட், மேனுவலில் எழுதியிருக்கும் எண், மைசூரிலும் திருவொற்றியூரிலும் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக முடிவு செய்தது. அதே ஜெட்டில் இ20 ஊற்றினால் வண்டி பசியில் ஓடுகிறது, அதாவது லீன்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மலை 5 சதவீதம் கூட்டுகிறது, எத்தனால் 8 சதவீதம் குறைக்கிறது. மேலே இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. மேனுவல் எண்ணிலேயே வண்டி ஆலத்தூர் நாட்டில் அருமையாக ஓடும். பிளக் நிறமும் நன்றாக இருக்கும். நீங்களும் திருப்தியாகிவிடுவீர்கள். அந்தத் திருப்தியோடு கீழே இறங்கி, வெயிலில், நாமக்கல் பைபாஸில் ஃபுல் திராட்டில் பிடித்தால் மலை கொடுத்த 5 சதவீதம் காணாமல் போய், 8 சதவீதப் பசி மட்டும் மிஞ்சும். லீன் கலவை சூடாக எரியும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் பிடிக்கும், போர் கீறும், ரீபோர் செலவு வந்து நிற்கும். புல்லட் கொஞ்சம் தாங்கும், ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு வெந்துபோகும்.

ஆகவே என் தீர்ப்பு: மெயின் ஜெட்டைக் கீழ் நாட்டுக்கு ஏற்ற மாதிரி ஒன்றிரண்டு எண் பெரிதாகவே போட்டு வையுங்கள், மலையிலும் அதுவே இருக்கட்டும். பெட்ரோல் கொஞ்சம் கூடினால் பிளக் கறுக்கும், அவ்வளவுதான். குறைந்தால் பிஸ்டன் போகும். மலைக்கான மாற்றத்தை ஊசியிலும் ஏர் ஸ்க்ரூவிலும் செய்துகொள்ளலாம். ஏன் என்றால், உங்கள் ரோட்டில் மெயின் ஜெட்டுக்கு அதிகம் வேலையே இல்லை. காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒன்றாவது கியர், இரண்டாவது கியர், கொஞ்சம் முறுக்குவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். திராட்டில் கால்வாசிக்கும் முக்கால்வாசிக்கும் நடுவிலேயே உலாவும். அந்த இடம் முழுக்க ஊசியின் ராஜ்யம். ஸ்லோவிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அங்கிருந்து கால்வாசி வரை ஸ்லைடின் அடிவெட்டு, பிறகு ஊசி, முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். வண்டி எந்தக் கோட்டில் இருமுகிறது என்று பார்த்தால் கை எந்தச் சாமானுக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். மலையில் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் ஊசி இறங்கும், பெட்ரோல் குறையும். நாமக்கல், திருச்சி என்று நீண்ட தூரம் புறப்படும் நாளில் கிளிப்பைத் திரும்ப ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். மேல் மூடியைக் கழற்றினால் போதும், கார்பரேட்டரை இறக்க வேண்டியதில்லை.

ஸ்லோ வைப்பது இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு. அமாலிலும் மிகுனியிலும் ஏர் ஃபில்டர் பக்கமாக இருக்கும் திருகு காற்றுத் திருகு, உள்ளே போனால் பெட்ரோல் கூடும். சில கார்பரேட்டர்களில் அது இன்ஜின் பக்கமாக இருக்கும், அதை உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும். இந்த வித்தியாசம் தெரியாமல் தலைகீழாகத் திருப்பி அலுத்துப் போகிறவர்கள் உண்டு. ஒன்றரைச் சுற்றில் ஆரம்பித்து, இப்படியும் அப்படியும் கால் சுற்றாகத் திருப்பி, இன்ஜின் வேகம் தானாக ஏறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஸ்லோ ஸ்க்ரூவைக் குறையுங்கள். மூன்று சுற்றுக்கு மேல் போயும் சரியாகவில்லை என்றால் பைலட் ஜெட் சின்னதா பெரிதா என்று பார்க்க வேண்டும். திருகை எங்கே வைத்தாலும் ஒரே மாதிரி ஓடுகிறது என்றால் எங்கோ காற்று புகுகிறது. ஃபிளாஞ்ச் இணைப்பில் பிரஷ்ஷால் கொஞ்சம் ஆயில் தடவுங்கள், சத்தம் மாறினால் இடம் அகப்பட்டது.

பிளக் நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உங்கள் தோட்டத்துக் காப்பிக்கொட்டையை நடுவறுவலாக வறுத்த நிறம் வர வேண்டும் என்று அந்தக் காலத்தில் சொல்வோம். அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் பேச்சு. 2000-இல் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது. இப்போது எத்தனாலும் சேர்ந்துவிட்டதால் நிறம் வெளிறித்தான் விழும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மத்தியில் இருக்கும் வெள்ளைப் பீங்கானின் அடிப்பக்கத்தில் மெல்லிய புகை வளையம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பளிச்சென்று இருந்தால் லீன். பார்ப்பதற்கு வண்டியை ஸ்லோவில் விட்டு நிறுத்தக் கூடாது, பார்க்க வேண்டிய திராட்டிலில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கிளட்ச்சைப் பிடித்து இக்னிஷனை அணைக்க வேண்டும். வளைவு ரோட்டில் இந்த வித்தை வேண்டாம், நேர் ரோடும் ஆளில்லாத நேரமும் பார்த்துச் செய்யுங்கள்.

எத்தனாலின் இன்னொரு குணம், தண்ணீரைக் குடிக்கும். உங்கள் ஊரில் பனிமூட்டத்துக்குக் குறைவில்லை. டேங்க் மூடியின் வாஷர் இற்றுப்போன வண்டியை மழைக்காலம் முழுக்க வெளியே நிறுத்தினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் போய் நிற்கும். பெட்ரோல் காக் அதைத்தான் முதலில் இழுக்கும். கிண்ணத்தில் வெள்ளைப் பொடியும் பிசினும் கண்டால் அதன் வேலை. பழைய பெட்ரோல் டியூப், ஓ ரிங், ஃபைபர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் வண்டி எடுக்கப் போவதில்லை என்றால் பெட்ரோல் காக்கை மூடி, கிண்ணத்தை வடித்துவிடுங்கள். பாட்டிலில் விற்கும் பெட்ரோலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் வாசனை உங்களுக்கே தெரியும்.

கடைசியாக, இறக்கம். இதை டியூனிங்கில் சேர்ப்பதா ஓட்டுவதில் சேர்ப்பதா தெரியவில்லை, ஆனால் இன்ஜின்கள் இதில்தான் அதிகம் போகின்றன. ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் போன்ற வண்டிகளில் ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றுகிறோம். பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வேறு எண்ணெய் கிடையாது. பெட்ரோல் வந்தால்தான் ஆயில் வரும். 70 வளைவையும் திராட்டிலை முழுதாக மூடி, இரண்டாவது கியரில் இன்ஜின் பிரேக்கில் இறங்கினால் என்ன ஆகும்? இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயிலோ ஸ்லோ வழியில் சொட்டுகிற அளவுதான் போகும். அடிவாரத்தில் வந்து நேர் ரோட்டில் முறுக்கியதும் பிடித்துக்கொள்ளும். வண்டியில் ஒரு கோளாறும் இருந்திருக்காது. ஒவ்வொரு வளைவு தாண்டியதும் கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறை திராட்டிலைத் திறந்து விடுங்கள், ஆயில் உள்ளே போகட்டும். ஆர்எக்ஸ் 100-இல் ஆயில் பம்ப் தனியாக இருப்பதால் அபாயம் குறைவு. ஆனால் பம்ப்பைக் கழற்றிவிட்டுக் கலவைக்கு மாற்றியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது பொருந்தும். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற வழக்கத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். பழைய டிரம் பிரேக் அந்த இறக்கத்தைத் தனியாகத் தாங்காது. முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கினாலும் இதே கதைதான்.

50 வருடம் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசு 2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று விதி கொண்டுவந்தது. நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூலவடிவில் வைத்திருந்தால்தான் அந்தப் பதிவு. தினமும் சந்தைக்குப் போக அந்த நம்பர் உதவாது. ஓட்டுவதற்காகப் புதுப்பிக்கிறவர்கள் சாதாரண ஆர்சியை ஒழுங்காகப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். காட்சிக்கு நிறுத்துகிற வண்டியில் எனக்கு அக்கறை கொஞ்சம் குறைவு, மன்னியுங்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். எல்லாரும் சேர்ந்து ஒரு பொது நோட்டுப் போடுங்கள். எந்த வண்டி, என்ன கார்பரேட்டர், மெயின் ஜெட் எண், பைலட் எண், கிளிப் எந்தப் பள்ளம், ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று, எந்த ஊரில், எந்தப் பெட்ரோலில் என்று ஒவ்வொருவரும் எழுதுங்கள். மைசூர் மேனுவலில் உங்கள் மலைக்கு எண் கிடையாது, நீங்கள்தான் எழுத வேண்டும். அடுத்த ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்குப் பழைய வண்டிகளில் ஏறி வருகிறவர்கள் வழியில் நின்று உதவி கேட்டால், அந்த நோட்டைத் திறந்து காட்டுங்கள். கழற்றிப் போட்ட பழைய கார்பரேட்டர்கள் உடைந்திருந்தாலும் சரி, எடைக்குப் போடாமல் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். ஒன்றின் உடம்பும் இன்னொன்றின் கிண்ணமும் சேர்ந்தால் ஒரு வண்டி ஓடும்.

அன்புடன்,
சேந்தமங்கலத்துப் பழைய மெக்கானிக் ஒருவன்